சந்தை இடம்பெயரும்போது உரிமை எங்கே நிற்கிறது?

(கட்சி ஊழியர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மணிப்பூர்த் தலைநகர் இம்பாலின் நடுப்பகுதியில், குவைரம்பந்த் என்னும் இடத்தில் ஒரு சந்தை இருக்கிறது. மக்கள் அதனை 'இமா கெய்தேல்' என்று அழைக்கின்றனர். இமா என்றால் தாய். கெய்தேல் என்றால் சந்தை. அங்கே விற்பவர்கள் அனைவரும் பெண்கள். அவர்களது எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். அரிசி, மீன், கருவாடு, மூங்கில் குருத்து, கைத்தறித் துணி, மண்பாண்டம் என அந்தச் சமவெளி விளைவிப்பதும் நெய்வதும் வனைவதும் அங்கேதான் கைமாறுகின்றன. விற்பனை மேடையின் உரிமை தாயிடமிருந்து மகளுக்கோ மருமகளுக்கோ செல்வது வழக்கம்.

பதினாறாம் நூற்றாண்டளவில் தோன்றியதாகக் கருதப்படும் இந்தச் சந்தையின் பின்னணியில் இருந்தது ஒரு சுரண்டல் முறை. 'லல்லுப்' என்ற கட்டாய உழைப்பு முறையின்கீழ் ஆண்கள் ஒவ்வொரு நாற்பது நாட்களிலும் பத்து நாட்கள் அரசனுக்கு உழைத்தாக வேண்டும். போர் மூண்டால் களத்துக்குச் செல்ல வேண்டும். எனவே வயலும் வணிகமும் பெண்களின் தோளில் விழுந்தன. இன்று இதனைப் பெண்மையின் பெருமை என்று சுற்றுலா விளம்பரங்கள் கொண்டாடுகின்றன. சுமை என்பதே அதன் முதற்பெயர்.

சுமந்தவர்கள் ஓரிடத்தில் கூடினர் என்பதே இதில் முக்கியமானது. 1891-ல் மணிப்பூர் ஆங்கிலேயரின் பிடிக்குள் வந்தது. 1904-ல், தீக்கிரையான வெள்ளை அதிகாரியின் மாளிகையை மீண்டும் கட்டித்தரும்படி ஆண்களைக் கட்டாய உழைப்புக்கு அழைத்தபோது பெண்கள் கிளர்ந்தெழுந்தனர். 1939-ல் அரிசி வெளியூர்களுக்கு ஏற்றுமதியாகி உள்ளூரில் பஞ்சம் தலைகாட்டியபோது, டிசம்பர் 12 அன்று ஆயிரக்கணக்கில் திரண்டு அதிகாரிகளை முற்றுகையிட்டனர். அசாம் ரைபிள்ஸ் படையினரின் துப்பாக்கிமுனைக் கத்திகளால் பலர் காயமுற்றனர். 'நுபி லான்', அதாவது பெண்களின் போர் என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. அதன்பின் அவர்கள் சந்தையையே புறக்கணித்தனர். ஓராண்டுக்கும் மேலாக மேடைகள் வெறுமையாகக் கிடந்தன. இந்தப் போராட்டத்தோடு தன்னை இணைத்துக்கொண்டு சிறை சென்ற ஹிஜாம் இராபோட், சில்ஹட் சிறையில் கம்யூனிஸ்டுகளோடு பழகி, மணிப்பூரில் கம்யூனிஸ்ட் இயக்கத்தை வளர்த்த தலைவராக வெளியே வந்தார்.

சந்தை இடமாற்றம் பற்றிய உரையில் இந்தப் பழங்கதை எதற்கு என்று கேள்வி எழலாம். தனித்தனியே சிதறிக் கிடக்கும் சிறு உடைமையாளர்களும் உழைப்பாளர்களும் நாள்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காரும் இடம், நகரத்தில் சந்தையைத் தவிர வேறில்லை. ஆலைத் தொழிலாளிக்கு ஆலை வாயில் எதுவோ, அதுவே காய்கறிக் கூடைக்காரருக்குச் சந்தை. அதனைக் கலைத்தால் வியாபாரம் மட்டுமன்று, கூடிப் பேசும் வலிமையும் கலைகிறது. ஆளும் வர்க்கங்கள் இதனை அறியாதவை அல்ல.

2000-களின் தொடக்கத்தில், பழைய கொட்டகைகளை அகற்றி அங்கே நவீன வணிக வளாகம் எழுப்பும் பேச்சு இம்பாலில் கிளம்பியது. பெண்கள் எதிர்த்தனர், இரவும் அங்கேயே அமர்ந்து மறியல் செய்தனர். ஒழுகும் கூரையும் சேறு மண்டிய தரையும் அவர்களுக்கும் பிடித்தமானவை அல்ல. புதிய கட்டடம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை; அந்தக் கட்டடம் யாருடையது என்று கேட்டனர். முடிவில், 2010-ல் திறக்கப்பட்ட வளாகம் அதே நிலத்தில், அதே பெண்களுக்காக எழுந்தது. உயரமான கூரை, நாற்புறமும் திறந்த அமைப்பு, உள்ளே வரிசையாகச் சிமெண்ட் மேடைகள். பெண் மேடையில் சம்மணமிட்டு அமர்கிறாள். வாங்க வருபவர் நின்றவாறு பேரம் பேசுகிறார். கண்ணாடிக் கதவும் ஷட்டரும் இல்லை. விற்கும் முறைக்கு ஏற்றாற்போல் கட்டடம் அமைந்தது. கட்டடத்துக்கு ஏற்றாற்போல் விற்பவர் மாற நேரவில்லை. இது சிறிய வெற்றியன்று.

ஆனால் வெற்றி முழுமையானதும் அன்று. உள்ளே மேடை பெற்றவர்கள் உரிமம் உடையவர்கள். உரிமம் இல்லாமல், அதே சந்தையின் விளிம்பில் தரையில் துணி விரித்து விற்றுவந்த பெண்கள் அன்றும் சாலையில் இருந்தனர், இன்றும் சாலையில் இருக்கின்றனர். போக்குவரத்தின் பெயரால் விரட்டப்படுகின்றனர். 2016 ஜனவரி 4 அன்று ஏற்பட்ட நிலநடுக்கம் புதிய கட்டடங்களையே விரிசல் காணச் செய்தது. பல பெண்கள் மறுபடியும் தற்காலிகக் கொட்டகைக்குப் போனார்கள். 2023 மே மாதம் வெடித்த இன மோதல், மலையிலிருந்து இறங்கி வந்து விற்ற பெண்களுக்கும் சமவெளிப் பெண்களுக்கும் இடையே எந்தக் கட்டடக்கலையும் ஒட்டவைக்க முடியாத பிளவை உண்டாக்கிவிட்டது. அது தனியே பேச வேண்டிய பெருந்துயரம்.

'தற்காலிகம்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மறுசீரமைப்புத் திட்டங்களில் மிகுந்த சேதத்தை விளைவிப்பது இந்த ஒற்றைச் சொல். ஒரு சந்தையை இடித்துக் கட்ட இரண்டாண்டு என்று அறிவிப்பார்கள். அது ஐந்தாகும், எட்டாகும். இந்த இடைவெளியைத் தாங்கும் ஆற்றல் எல்லோருக்கும் ஒன்றல்ல. மூலதனத்தின் சுழற்சிக் காலம் பற்றி மார்க்ஸ் இரண்டாம் தொகுதியில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சந்தையில் அதனைக் கண்ணாலேயே காணலாம். துணிக்கடை முதலாளியின் பணம் ஆண்டுக்குச் சில முறை சுழல்கிறது. மளிகைக்காரரின் பணம் மாதந்தோறும். கீரை விற்பவரின் பணமோ ஒரே பகலில் சுழன்றாக வேண்டும். விடியற்காலையில் மண்டியில் கடனாக எடுத்த சரக்குக்கு மாலையில் பணம் கட்டினால்தான் மறுநாள் கூடை நிறையும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிய தற்காலிகக் கொட்டகைக்கு வாடிக்கையாளர் வராமல் போனால், துணிக்கடைக்காரர் ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். கீரைக்காரர் ஒரு வாரத்தில் தண்டல்காரரின் கையில் சிக்குவார். புதிய கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு அவர் இருக்கமாட்டார். அவரை யாரும் வெளியேற்றவில்லை என்று கோப்பு சொல்லும்.

மேலும், பழைய சந்தையில் ஒரு கடை இன்னொரு கடையால் வாழ்கிறது. மைசூரின் தேவராஜா சந்தை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சாயாஜி ராவ் சாலையின் ஓரமாக நீண்டு கிடக்கும் அந்த நூற்றாண்டுச் சந்தையில் எண்ணூறுக்கு மேற்பட்ட கடைகள். மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளை வாழை ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. மூன்றுக்கும் இந்தச் சந்தைதான் முற்றம். பூ வாங்க வந்தவர் வெற்றிலை வாங்குகிறார். வெற்றிலைக்கு வந்தவர் குங்குமமும் பழமும் வாங்குகிறார். இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் கழற்றி வேறிடத்தில் மாட்டினால் அது சங்கிலியாகாது.

2016 ஆகஸ்டில், பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தேவராஜா சந்தையின் வடக்கு வாயில் இடிந்து விழுந்தது. அதன்பின் எழுந்த விவாதம் ஏறத்தாழ முழுவதும் கட்டடக்கலை பற்றியதாகவே இருந்தது. இடித்துவிட்டு அதே தோற்றத்தில் கட்டலாம் என்று ஒரு தரப்பு. இடிக்காமலே காப்பாற்ற முடியும் என்று மரபுச் சின்னப் பாதுகாப்பாளர்கள் தரப்பு. குழுக்கள், அறிக்கைகள், உயர்நீதிமன்ற வழக்குகள். சுண்ணாம்புச் சாந்தின் வலிமையைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டிருக்கும். மல்லிகை தொடுப்பவர்களும் மூட்டை சுமப்பவர்களும் இடைக்காலத்தில் எங்கே அமர்வார்கள், எந்த வாடகைக்குத் திரும்புவார்கள் என்பது அந்த விவாதத்தின் ஓரத்தில்தான் கிடந்தது. வெளியேற வியாபாரிகள் மறுத்ததைப் பிடிவாதம் என்று சிலர் எழுதினர். அந்த மறுப்புக்குக் காரணம் கூப்பிடு தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதே நகரில் லான்ஸ்டவுன் கட்டடம் 2012 ஆகஸ்டில் பகுதியாக இடிந்து நால்வரைப் பலிகொண்டது. கடைகள் காலி செய்யப்பட்டன. பத்தாண்டுகள் கடந்தும் அங்கே கடைகள் திரும்பவில்லை. இதனைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் 'தற்காலிகமாகத்தான்' என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்?

கட்டடம் பாழடைந்திருந்தால் உயிர் ஆபத்து உண்மையானது. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. நால்வர் மாண்ட பிறகும் பழைய கூரைக்குக் கீழேயே இருக்கட்டும் என்று எந்த இடதுசாரியும் வாதிடமாட்டார். ஆனால் அந்தக் கூரை ஒரே நாளில் பாழடையவில்லை. ஆண்டுதோறும் வாடகையும் சுங்கமும் வசூலித்த மாநகராட்சிகள் பராமரிப்புக்குச் செலவிடாமல் விட்டதன் விளைவு அது. முதலில் புறக்கணிப்பு, பிறகு ஆபத்தான கட்டடம் என்ற அறிவிப்பு, அதன்பின் வெளியேற்றம். இந்த வரிசை எல்லா நகரங்களிலும் ஒன்றுபோல் இருப்பது தற்செயல் அல்ல.

நகரின் நடுவில் உள்ள நிலத்தின் மதிப்பை உயர்த்தியவர்கள் யார்? பல தலைமுறைகளாக அங்கே கூட்டத்தைச் சேர்த்த சிறு வியாபாரிகளும் வாங்க வந்த மக்களும்தான். கட்டட மனைகளின் வாரம் பற்றி மூலதனம் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் காட்டியது இதையே: சமூகம் உண்டாக்கிய மதிப்பை நிலத்தின் உடைமையாளர் கை நீட்டி எடுத்துக்கொள்கிறார். பாரிஸ் நகரை ஓஸ்மான் இடித்துக் கட்டிய முறையை 1872-ல் குடியிருப்புப் பிரச்சினை குறித்து எழுதும்போது எங்கெல்ஸ் ஆராய்ந்தார். நெரிசலும் அழுக்கும் ஒழிவதில்லை. அடுத்த தெருவுக்கு நகர்த்தப்படுகின்றன என்பது அவரது முடிவு. சந்தைக்கும் அது பொருந்தும். வளாகத்தில் இடம் கிடைக்காதவர்கள் மறைந்துவிடுவதில்லை. வளாகத்தின் வாசலில் தள்ளுவண்டியோடு நிற்கின்றனர். பிறகு 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் வருகிறது.

2015 ஜூன் 25 அன்று மோடி அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் இந்தப் போக்குக்குப் புதிய கருவியைத் தந்தது. நூறு நகரங்கள், ஒவ்வொன்றிலும் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட ஒரு சிறப்பு நோக்கு நிறுவனம். சந்தையை இடிக்கும் முடிவும் டெண்டரும் வரைபடமும் அந்த நிறுவனத்தின் கையில். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாமன்றம் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் நிலை. கவுன்சிலரிடம் போனால் நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார். நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் வியாபாரிக்கு முகம் தெரிந்தவர் எவருமில்லை. 2025 மார்ச் 31 அன்று திட்டம் முடிந்தது என்று ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. எழுப்பிய கட்டடங்களின் வாடகைக் கணக்கு இனிமேல்தான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? நீண்ட போராட்டங்களின் பயனாக 2014-ல் சாலையோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. இடமாற்றத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது பதினெட்டாம் பிரிவு. நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் தாமே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இரண்டாம் அட்டவணை இன்னும் முக்கியமானது. இயன்றவரை இடமாற்றத்தைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் பழைய வருமானத்துக்குக் குறையாத நிலைக்கு அவர்களைக் கொண்டுவர வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடக்கும் இயற்கைச் சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது. இவ்வளவும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் இருக்கிறது. நகராட்சி ஆணையர்கள் பலர் இந்த அட்டவணையைப் படித்ததாகத் தெரியவில்லை.

எனினும் இச்சட்டத்தின் எல்லையைத் தோழர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது பொது இடத்தில் தற்காலிக அமைப்பிலோ நடமாடியோ விற்பவர்களுக்கானது. மாநகராட்சிக் கட்டடத்துக்குள் உரிமத்தோடு நிலையான கடை நடத்துபவர் இதற்குள் வரமாட்டார். அவரை ஆள்வது நகராட்சிச் சட்டமும் குத்தகை ஒப்பந்தமும். உரிமம் தாத்தாவின் பெயரில் இருக்கும். கடையில் உட்கார்ந்திருப்பவர் உள்வாடகைதாரராக இருப்பார். அவரிடம் சம்பளத்துக்கு இருவர் இருப்பர். ஒரே கூரையின் கீழ் நான்கு வகை உறவுகள், அவற்றுள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே. நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு உரிமதாரர்களின் சங்கத்தை மட்டும் அழைக்கிறது. அச்சங்கம் தன் உறுப்பினர்களுக்கு இடம் உறுதியானதும் கையெழுத்திடுகிறது. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. சிறு உடைமையாளரின் இரட்டைத் தன்மை அது. தரைக்கடைக்காரரையும் சுமைப்பணித் தொழிலாளரையும் அதே மேசைக்குக் கொண்டுவருவது இயக்கத்தின் வேலை.

சுமைப்பணித் தொழிலாளரைப் பொறுத்தவரை மகாராஷ்டிரா ஒரு நல்ல பாடம் தருகிறது. மும்பையின் மொத்த விற்பனைச் சந்தைகள் 1980-களிலும் 1990-களிலும் படிப்படியாக நவி மும்பையின் வாஷிக்கு மாற்றப்பட்டன. வெங்காயம், உருளை, தானியம், காய், பழம் என எல்லாம் கடல் கழியைத் தாண்டிப் போயின. அத்தகைய இடமாற்றத்தில் முதலில் நசுங்குபவர் கூலியாள்தான். ஆனால் 1969-ல் இயற்றப்பட்ட மாதாடித் தொழிலாளர் சட்டத்தின்படி, மூட்டை தூக்குபவர் தனி முதலாளியிடம் பதிவு பெறுவதில்லை. முத்தரப்பு வாரியத்தில் பதிவு பெறுகிறார். கூலி, வருங்கால வைப்பு நிதி, விடுப்பு எல்லாம் வாரியத்தின் வழியாக. ஆகவே சந்தை நகர்ந்தபோது பதிவு பெற்றவரின் உரிமையும் அவரோடு நகர முடிந்தது. இதுவே பிற மாநிலங்களில் பெரும்பாலும் இல்லாதது.

கேரளத்தில் கொச்சி மாநகராட்சியின் எர்ணாகுளம் சந்தை புதுப்பிக்கப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. அங்கேயும் ஸ்மார்ட் சிட்டி நிறுவனத்தின் பணம்தான், 72 கோடி ரூபாய். ஆனால் வரிசை மாறியிருந்தது. முதலில் அருகிலேயே தற்காலிகச் சந்தை எழுந்தது. வியாபாரிகள் அங்கே அமர்ந்த பிறகே பழைய கட்டடம் தரைமட்டமானது. 275 கடைகள் கொண்ட புதிய வளாகத்தை 2024 டிசம்பர் 14 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்து வைத்தார். குறையே இல்லாத திட்டம் என்று பூரிக்க வேண்டியதில்லை. அடுக்குமாடிச் சந்தை எங்கே கட்டினாலும் மேல்தளத்துக்கு வாங்குபவர் ஏறுவாரா என்பதும், பராமரிப்புச் செலவு வாடகையின் தலையில் ஏறுமா என்பதும் நிற்கும் கேள்விகள். எனினும் வாடிக்கையாளரின் கால் பழகிய தெருவை விட்டு வியாபாரி விலகவில்லை என்பது பெரிய வேறுபாடு. கட்டட நிபுணரின் கண்ணுக்கு அது சிறிய விவரம். மீன் விற்பவருக்கு அதுவே எல்லாம்.

இனி, ஊர்களில் இத்தகைய திட்டம் அறிவிக்கப்படும்போது தோழர்கள் எங்கே தொடங்குவது? வரைபடத்தில் அல்ல, பட்டியலில். அதிகாரிகள் நண்பகலில் வந்து திறந்திருக்கும் கடைகளை எண்ணிவிட்டுப் போவார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வந்து எட்டு மணிக்குள் பூவை விற்றுவிட்டு ஊர் திரும்பும் பெண் அந்தக் கணக்கில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கிராமத்திலிருந்து வரும் விவசாயி இல்லை. இரவில் லாரி இறக்குபவர் இல்லை. ஆகவே சங்கமே இரவும் பகலும், வாரத்தின் ஏழு நாட்களும் கணக்கெடுக்க வேண்டும்: பெயர், எந்த இடம், எவ்வளவு அகலம், எத்தனை ஆண்டு, என்ன சரக்கு, என்ன வாடகை அல்லது சுங்கம். சுங்கச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் சேர்த்து வைக்கச் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்ச் சீட்டு நீதிமன்றத்தில் பத்து ஆண்டு இருப்புக்குச் சாட்சியாகும். முதற்சுவர் இடிவதற்கு முன்பே திரும்பி வரும் உரிமை, திரும்பும் நாளின் வாடகை, தாமதமானால் நாளொன்றுக்கு இழப்பீடு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். ஆணையரின் வாய்மொழி உறுதி அவரது மாறுதல் உத்தரவோடு போய்விடும். ஐம்பதாண்டு கடந்த சந்தையாக இருந்தால், மரபுச் சந்தையாக அறிவிக்கக் கோரும் மனுவை, இடிப்பு அறிவிப்பு வரும்வரை காத்திராமல், இன்றே நகர விற்பனைக் குழுவின் முன் வைக்கலாம். குழுவே அமைக்கப்படவில்லை எனில், அதனை அமைக்கக் கோருவதுதான் முதல் மனு.

எடுத்த பட்டியலின் மூன்று நகல்கள் வேண்டும். ஒன்று மாநகராட்சியில் பெறுதல் முத்திரையோடு, ஒன்று வியாபாரிகளின் கையில், ஒன்று சங்க அலுவலகத்தின் பூட்டிய அலமாரியில். கோப்பிலிருந்து தாள் காணாமற்போவது எந்த ஊரிலும் புதிய செய்தி அல்ல.